யோசிச்சுச் சொல்றேன்

இந்த வாரம் ஒரு சின்ன விஷயம், ரெண்டே ரெண்டு வார்த்தை. பெங்களூருல வேலை பார்க்கிற நேயர் ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. அவங்க டீம்ல ஒரு கொல்கத்தாப் பொண்ணு தமிழ் கத்துக்கிட்டு இருக்காங்களாம். ஒருநாள் ஜன்னலைப் பார்த்துட்டு, "மழை வரும்னு யோசிக்கிறேன்"னு சொல்லியிருக்காங்க. பக்கத்துல இருந்த நாலு தமிழர்களும் ஒரே நேரத்துல, "இல்ல இல்ல, மழை வரும்னு நினைக்கிறேன்"னு திருத்தியிருக்காங்க. "ஏன்? ரெண்டும் திங்க்தானே?"ன்னு அந்தப் பொண்ணு கேட்டதும் நாலு பேரும் அமைதி. அந்த அமைதியைத்தான் எனக்கு அனுப்பி வெச்சிருக்காங்க.

முதல்ல காதால சோதிச்சுப் பார்ப்போம். "ரெண்டு மணி நேரம் யோசிச்சேன்." இது சரியா இருக்கு. "ரெண்டு மணி நேரம் நினைச்சேன்." எங்கேயோ இடிக்குது இல்லையா? "அவன் நல்லவன்னு நினைக்கிறேன்" சரி. "அவன் நல்லவன்னு யோசிக்கிறேன்" கொஞ்சம் கோணல். "சத்தம் போடாதே, யோசிச்சுக்கிட்டு இருக்கேன்"னு சொல்லலாம். "சத்தம் போடாதே, நினைச்சுக்கிட்டு இருக்கேன்"னு சொன்னா, யாரை நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு கேட்பாங்க. யாரையாவது நினைக்கலாம், அதுக்கு ஒரு ஆள் வேணும். யோசிக்கிறதுக்கு ஒரு பிரச்சினை இருந்தாப் போதும்.

எனக்குப் பிடிச்ச ஜோடி வேற ஒண்ணு. "இப்படி ஆகும்னு நான் நினைச்சே பார்க்கல." "இப்படி ஆகும்னு நான் யோசிச்சே பார்க்கல." ரெண்டுலயும் ஒரே ஒரு வினைதான் மாறியிருக்கு. ஆனா முதல்ல சொன்னவர் மேல நமக்குப் பரிதாபம் வருது, பாவம், அவருக்கே அதிர்ச்சி. ரெண்டாவது சொன்னவர் மேல கோபம் வருது, யோசிச்சிருக்கணும் இல்ல? ஒரு பாலம் இடிஞ்சு விழுந்தா, அதைக் கட்டினவர் எந்த வினைச்சொல்லை எடுத்துக்கிறார்னு கவனிங்க. அநேகமா முதல் வாக்கியம்தான் வரும்.

ஸீனோ வெண்ட்லர்னு ஒரு தத்துவ அறிஞர், 1957-ல வினைச்சொற்களையும் காலத்தையும் பத்தி ஒரு கட்டுரை எழுதினார். மொழியியல் படிக்கிறவங்களுக்கு இன்னைக்கும் அது பாடம். ஆங்கில 'திங்க்'குக்குள்ள ரெண்டு வெவ்வேறு சரக்கு இருக்குன்னு அவர் காட்டுறார். ஒண்ணு நிலை, இன்னொண்ணு செயல். ஒரு ஆளை மோசமானவன்னு நான் கருதுறேன்னு வெச்சுக்கோங்க, நான் தூங்கும்போதும் அது உண்மைதான். தூங்குறவனைக் காட்டி, "இவன் அவனை அயோக்கியன்னு நினைக்கிறான்"னு சொல்லலாம். ஆனா தூங்குறவனைக் காட்டி "யோசிச்சுக்கிட்டு இருக்கான்"னு சொல்ல முடியாது. வெண்ட்லர் ஒரே வார்த்தையைப் பிளந்து, பக்கம் பக்கமா விளக்க வேண்டியிருந்தது. நமக்கு ரெண்டு வார்த்தை தயாரா இருக்கு.

நமக்கு மட்டும் இல்ல. தெலுங்குப் படம் பார்க்கிறவங்களுக்கு 'அனுகுண்டுன்னானு' காதுல விழுந்திருக்கும், தனக்குள்ள சொல்லிக்கிறதுன்னு அர்த்தம். நம்ம 'நினைக்கிறேன்' இருக்கிற இடத்துல அது இருக்கு. தீர யோசிக்கிறதுக்கு அங்க 'ஆலோசிஞ்சு' வேற. கன்னடத்துல 'யோசிசு'ன்னு நம்ம வார்த்தையே இருக்கு. மலையாளத்துல 'விசாரிக்குக', 'ஆலோசிக்குக'. அனிமே ரசிகர்களுக்கு ஒரு தகவல்: ஜப்பானிய மொழியிலும் ஓமோவு, கங்காயேருன்னு ரெண்டு. ஓமோவு நம்ம நினைக்கிறது, கங்காயேரு யோசிக்கிறது. இதுல ஒரு ஆச்சரியம், ஓமோவுல இருந்துதான் 'ஓமோயிதே' வருது, நினைவுன்னு அர்த்தம். நினை, நினைவு; ஓமோவு, ஓமோயிதே. ரெண்டு மொழிக்கும் உறவு இருக்குன்னு சொல்ல வரல, தயவுசெஞ்சு அந்தச் சண்டையை கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க. ஒரு கருத்தை வெச்சிருக்கிறதும் ஒரு ஞாபகத்தை வெச்சிருக்கிறதும் ஒரே மாதிரி வேலைதான்னு ரெண்டு ஊர்லயும் மக்களுக்குத் தோணியிருக்கு, அவ்வளவுதான்.

சரி, இலக்கணம் போதும். இந்த வித்தியாசத்தால ஒரு மனுஷனுக்கு என்ன லாப நஷ்டம்? அதை எனக்குக் காட்டினது சித்தேரியில ஒரு டீக்கடை.

எனக்குச் சொந்த ஊர் தருமபுரி மாவட்டத்துல அரூர் பக்கம். அரூர்ல இருந்து பார்த்தா தெரியுற மலைதான் சித்தேரி மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு துண்டு. மேல இருக்கிறவங்க பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். சென்னையில இதைச் சொன்னா உடனே, "கேரளாவா?"ன்னு கேட்பாங்க. இல்லைங்க. மலையை ஆள்றவங்க, மலையில வாழ்றவங்கங்கிற அர்த்தத்துல மலையாளி. பேசறது தமிழ். காஞ்சிபுரம் பக்கம் இருந்து வந்தோம்னு வழிவழியா சொல்லிக்கிறாங்க. சாமை, ராகி, மரவள்ளி, அப்புறம் பலா, புளி. பள்ளிக்கூடத்துல என் பெஞ்சுல உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் அந்த மலைப் பசங்க. அதனால அடிக்கடி போவேன்.

ஒரு மாசி மாசம், புளி சீசன். டீக்கடை பெஞ்சுல எனக்குப் பக்கத்துல ஒரு பெரியவர், எதிர்ல கீழ இருந்து வந்த வியாபாரி. புளியை மரத்துலயே வெச்சு விலை பேசறது அங்க வழக்கம். உலுக்கிறது, பொறுக்கிறது எல்லாம் வியாபாரி பொறுப்பு, மரத்துக்காரருக்கு ஒரு தொகை.

வியாபாரி, "என்ன நினைக்கிறீங்க கவுண்டரே? சொன்னீங்கன்னா இன்னைக்கே முடிச்சிடலாம்"னார்.

"யோசிச்சுச் சொல்றம்பா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? வருஷா வருஷம் நான்தானே எடுக்கிறேன்."

பெரியவர் டீயைக் கீழ வெச்சுட்டு, "நெனைக்கிறதைக் கேட்டீனா இப்பவே சொல்றேன். வெலை கம்மி. குடுக்கிறதா வேணாமான்னு கேட்டீனா, அதுக்குத்தான் யோசிக்கணும்"னார்.

எந்த மொழியியல் வகுப்பும் எனக்கு இவ்வளவு சுருக்கமா இதைச் சொன்னதில்ல. அவருடைய நினைப்பு ஏற்கெனவே தயார். விலை கம்மிங்கிறதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நொடி தேவையில்ல. ஆனா அந்த நினைப்பை வெச்சுக்கிட்டு என்ன செய்யறதுங்கிறதுக்குப் பல கணக்கு இருக்கு. தானே உலுக்கி, ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து விற்றா விலை கூடும். ஆனா உடைக்கிற வேலை வீட்டுப் பெண்கள் தலையில விழும். கீழ கொண்டு போக வண்டிச் செலவு இருக்கு. மரம் அண்ணன் தம்பிக்குப் பொதுன்னா அவங்களைக் கேட்கணும். போன வருஷம் அவசரத்துக்கு இதே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருந்தா, அது வேற. இதெல்லாம் அவர் என்கிட்ட சொன்னது இல்ல, அந்த மலையில புளி மரம் வெச்சிருக்கிற யாருக்கும் இருக்கிற கணக்கு. இந்தக் கணக்கு வியாபாரிக்கும் நல்லாத் தெரியும். அதனாலதான், 'இதுல யோசிக்க என்ன இருக்கு?'

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்குவோம். இதுக்கு ஜோடி வாக்கியம் தமிழ்ல கிடையாது பாருங்க. 'இதுல நினைக்க என்ன இருக்கு?'ன்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. நினைக்கிறதை யாரும் தடுக்க முடியாது, தடுக்க வேண்டிய அவசியமும் இல்ல. நீ என்ன வேணா நினைச்சுக்கோ. யோசனையைத்தான் தடுக்கணும், ஏன்னா அதுக்கு நேரம் பிடிக்கும். நேரம் கிடைச்சா இன்னொரு வியாபாரி மலை ஏறி வந்துடுவான்.

யோசனைங்கிற வார்த்தைக்கே நேரமும் தூரமும் பிறவிக் குணம். வடமொழி யோஜனைதான் தமிழ்ல யோசனை ஆச்சு. 'யுஜ்'னு வேர், சேர்க்கிறது, பூட்டுறது. யோகாவுக்கும் இதே வேர்தான். மாட்டுக் கழுத்துல வைக்கிற நுகத்தடிக்கு இங்கிலீஷ்ல 'யோக்'னு சொல்றாங்களே, அதுவும் இந்தக் குடும்பத்துல தூரத்துச் சொந்தம். பழைய கதைகள்ல நூறு யோசனை தூரம், பத்து யோசனை உயரம்னு வரும். மாட்டை நுகத்துல பூட்டினா, அவிழ்க்காம ஒரே பூட்டுல போகக்கூடிய தூரம்தான் ஒரு யோசனை. ரெண்டு மாட்டைச் சேர்த்துக் கட்டுறதுல இருந்து ரெண்டு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்கிறதுக்கு இந்த வார்த்தை வந்து சேர்ந்திருக்கு.

அந்த இழுவை தமிழ்ல இன்னும் இருக்கு. "பணம் கொடுக்க யோசிக்கிறான்"னா அவன் கணக்குப் போடுறான்னு மட்டும் அர்த்தம் இல்ல, தயங்குறான்னு அர்த்தம். "யோசிக்காம செலவு பண்ணுவான்"னா தாராளம், இல்ல ஊதாரி. கல்யாணப் பேச்சுல, "நாங்க யோசிச்சுச் சொல்றோம்"னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எழுந்தா, வேற இடம் பார்க்க ஆரம்பிச்சிடணும். யாழ்ப்பாணத்துக்காரர்கிட்ட பேசிப் பாருங்க, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ"ம்பாங்க. கவலைப்படாதீங்கன்னு அர்த்தம். முதல்தடவை என் டொரண்டோ நண்பன் போன்ல அப்படிச் சொன்னப்போ, என்னை யோசிக்கவே வேணாம்கிறானேன்னு சிரிப்பு வந்தது. ஆனா அதுவும் அதே இழுவைதான். பூட்டின மாடு நிக்காம நடந்துக்கிட்டே இருந்தா, யோசனை கவலை ஆயிடுது.

யோசி வர்றதுக்கு முன்னாடி தமிழன் யோசிக்கவே இல்லையான்னு கேட்கிறவங்களுக்கு: நல்லா யோசிச்சான், 'எண்ணு'ங்கிற வார்த்தையால. காசை எண்ணுறதும் காரியத்தை எண்ணுறதும் ஒரே சொல். விரல் விட்டு எண்ணுற மாதிரி வழிகளை ஒண்ணு ஒண்ணா எண்ணிப் பார்க்கிறது. திருக்குறள்ல 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை, ஒரு காரியத்துல இறங்குறதுக்கு முன்னாடி எப்படி ஆராயணும்னு முழுசா அதுதான். 'எண்ணு' அங்க வேலை செய்யுது. அதே புத்தகத்துல 121-ஆம் அதிகாரத்தோட பேரு நினைந்தவர்புலம்பல். அது காமத்துப்பால், பிரிஞ்சிருக்கிறவங்களை நினைச்சுப் புலம்புறது. ஆட்சிக்கு எண்ணம், காதலுக்கு நினைப்பு. இன்னைக்குப் பேச்சுத் தமிழ்ல எண்ணுறது பெரும்பாலும் காசோட நின்னுபோச்சு, அதோட பழைய நாற்காலியில யோசி உட்கார்ந்திருக்கு.

இப்ப அந்த டீக்கடைக் கேள்வியை அரசாங்க மேசைக்குக் கொண்டு போவோம். ஒரு சுரங்கமோ அணையோ வருதுன்னா நடக்கிற கூட்டத்துக்குத் தமிழ்ல என்ன பேரு? கருத்துக் கேட்புக் கூட்டம். அருமையான மொழிபெயர்ப்பு, ரொம்ப நேர்மையானதும்கூட. என்ன நினைக்கிறீங்கன்னு கேட்கிற கூட்டம் அது. நினைக்கிறதைச் சொல்லலாம், குறிச்சுக்குவாங்க. 2006-ஆம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைஞ்சது 30 நாள் முன்னாடி அறிவிப்புக் கொடுக்கணும். திட்ட அறிக்கையோட சுருக்கம் அந்தந்த மாநில மொழியில இருக்கணும். முழு அறிக்கை? அதைத் தமிழ்ல தர வேண்டிய கட்டாயம் இல்ல. நினைக்கிறதுக்குச் சுருக்கம் போதும். யோசிக்கிறதுக்கு முழு அறிக்கை வேணும்.

அதே 2006-ல வன உரிமைச் சட்டமும் வந்தது. அது வேற வினைச்சொல்லை நோக்கிப் போற சட்டம். காட்டு நிலத்துல யாருக்கு என்ன உரிமைங்கிறதைக் கிராம சபை கூடித் தொடங்கி வைக்கணும். 2012-ல திருத்தின விதிகள்படி, சபை உறுப்பினர்கள்ல பாதிப் பேராவது வந்திருக்கணும், வந்தவங்கள்ல மூணுல ஒரு பங்காவது பெண்கள் இருக்கணும். சித்தேரி மாதிரி இடத்துல பாதிப் பேரை ஒரு மரத்தடிக்குக் கொண்டு வர்றது லேசான காரியம் இல்ல, ஒவ்வொரு குக்கிராமமும் ஒரு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். ஆனா அந்தச் சிரமம்தான் யோசனையோட விலை.

அது முழுசா நடந்த இடம் ஒடிசாவுல நியம்கிரி மலை. அங்க பாக்சைட் வெட்டி எடுக்கிற திட்டம். 2013 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம், கிராம சபைகளைக் கேளுங்கன்னு சொல்லிடுச்சு. 12 கிராம சபைகள் ஒண்ணு ஒண்ணா கூடினாங்க. டோங்ரியா கோந்த் மக்கள் 12-லயும் வேண்டாம்னாங்க. அவங்க என்ன நினைச்சாங்கங்கிறது பல வருஷமா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தான். போராட்டம், ஊர்வலம் எல்லாம் அதுதான். அந்த நினைப்புக்குச் சட்டத்துல எடை வந்தது, சபை சபையா உட்கார்ந்து முடிவு எடுத்தப்போ.

நகரத்துல இருக்கிற நமக்கு இது எங்கயோ மலையில நடக்கிறதுன்னு தோணலாம். உங்க போனை எடுங்க. ரெண்டு நிமிஷத்துல கடன்னு ஒரு ஆப். 'ஆஃபர் முடிய இன்னும் 4 நிமிடம்'னு ஓடுற கடிகாரம். வேலைக்கான ஆஃபர் லெட்டர், 'இன்னைக்கு ஈவ்னிங்குள்ள கன்ஃபர்ம் பண்ணுங்க.' எல்லாம் அந்தப் புளி வியாபாரி வாக்கியத்தோட பேரப்பிள்ளைங்க. இதுக்குச் சட்டம் கொஞ்சம் இடம் விட்டிருக்கு, நிறையப் பேருக்குத் தெரியாது. ஆப் வழியா வாங்குற கடனுக்கு, ரிசர்வ் வங்கி நெறிமுறைப்படி, மறுபரிசீலனைக் காலம்னு ஒண்ணு உண்டு. அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டி உள்ளிட்ட செலவையும் கட்டிட்டு, அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள்ள பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாம். கையெழுத்துப் போட்டப்போ நீங்க நினைச்சீங்க, இன்னும் யோசிக்கலன்னு சட்டமே ஒத்துக்கிற இடம் இதெல்லாம். டேனியல் கானமன், பொருளாதாரத்துக்கு 2002-ல நோபல் வாங்கின உளவியலாளர், 2011-ல ஒரு புத்தகம் எழுதினார். வேகமா ஓடுற மனசு, மெதுவா நடக்கிற மனசுன்னு ரெண்டாப் பிரிச்சு. தலைப்புல ரெண்டுக்கும் ஒரே 'திங்கிங்'தான் போட வேண்டியிருந்தது. தமிழ்ல எழுதியிருந்தா தலைப்பு இன்னும் சுலபமா அமைஞ்சிருக்கும்.

இதுவரைக்கும் கேட்டா, யோசனை உசத்தி, நினைப்பு மட்டம்னு நான் சொல்ற மாதிரி இருக்கும். நம்ம பேச்சுலயும் அந்த ஏளனம் இருக்கு. "பெரிய ஆளுன்னு நினைப்பு"ன்னா அவன் பெரிய ஆள் இல்லன்னு அர்த்தம். "நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும்"னு பழமொழியே இருக்கு. "நினைச்சுக்கிட்டு இருக்கான்"னு ஒரு 'கிட்டு' சேர்த்தா, அவன் நம்புறது பொய்னு சொல்லாமலே சொல்லிடலாம். ஆனா நினைக்கு இன்னொரு முகம் இருக்கு. நினைவு. அந்த முகத்தைப் பார்க்கணும்னா சித்தேரி மலையில இருந்து இறங்கி அடிவாரத்துக்கு வரணும். அங்க இருக்கிற ஊர் வாச்சாத்தி.

1992 ஜூன் 20. சந்தனக் கடத்தலைத் தேடி வந்தோம்னு வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள்ள நுழைஞ்சாங்க. ஊரைச் சூறையாடினாங்க. 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செஞ்சாங்க. பெண்களைக் கொண்டு போய்ச் சேலம் சிறையில அடைச்சாங்க. ஊரே கடத்தல் ஊருங்கிறது வந்தவங்களோட நினைப்பு, மேல சொன்ன அந்த மட்டமான அர்த்தத்துல. பாதிக்கப்பட்டவங்க வெச்சிருந்ததும் நினைப்புதான், அதாவது ஞாபகம். யார் வந்தாங்க, எந்த ஏரிக்கரை, என்ன நடந்தது.

சட்டத்துக்கு இந்த ரெண்டும் எதிரெதிர் துருவம். பழைய இந்திய சாட்சியச் சட்டத்துல 60-ஆவது பிரிவு, வாய்மொழி சாட்சியம் நேரடியா இருக்கணும்னு சொன்னது. பார்த்தவர், பார்த்தேன்னு சொல்லணும். கேட்டவர், கேட்டேன்னு சொல்லணும். சாட்சியோட அபிப்பிராயம் பொதுவா எடுபடாது, நிபுணருக்கு 45-ஆவது பிரிவு விலக்குக் கொடுத்தது. இப்ப தமிழ்ல ஒரு சாட்சி கூண்டுல ஏறி, "இவர்தான்னு நினைக்கிறேன்"னா என்ன ஆகும்? எதிர்த் தரப்பு வக்கீல் உடனே எழுந்திருப்பார். "நினைக்கிறீங்களா? அப்ப உறுதியாத் தெரியாது?" அந்தச் சாட்சிக்கு அது வெறும் பேச்சு வழக்கா இருக்கலாம், பெரிய மனுஷங்க முன்னாடி நாம எல்லாருமே வாக்கியக் கடைசியில ஒரு 'நினைக்கிறேன்' ஒட்டுறோம், மரியாதைக்காக. மனசுல 'நினைவு இருக்கு'ன்னு இருக்கும், வாயில 'நினைக்கிறேன்'னு வரும். கீழ் நீதிமன்றத்துல தமிழ்ல பதிவானது உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலமாகணும். அங்க 'ஐ ரிமெம்பர்' ஒரு கரை, 'ஐ திங்க்' எதிர்க்கரை. ஒரே வேர்ல இருந்து வந்த ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஒரு வழக்கே விழுந்துடலாம்.

வாச்சாத்தியில விழல. முதல்ல புகாரைப் பதிவு செய்யவே போராட வேண்டியிருந்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்னாங்க. உயர் நீதிமன்ற உத்தரவுல சி.பி.ஐ. விசாரிச்சது. குற்றம் சாட்டப்பட்டவங்க 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள். 2011 செப்டம்பர் 29 அன்னைக்கு தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னப்போ 54 பேர் இறந்துபோயிருந்தாங்க. உயிரோட இருந்த 215 பேரும் குற்றவாளின்னு தீர்ப்பு. 19 வருஷம். அந்த 19 வருஷமும் அந்தப் பெண்கள் அதை நினைவுல வெச்சிருக்க வேண்டியிருந்தது, மறந்துட்டா நல்லா இருக்கும்னு யாருக்கும் தோணக்கூடிய விஷயத்தை. நினைவு தானா இருக்கும், அதுக்கு உழைப்பு வேண்டாம்னு நான் மேல சொன்ன இலக்கணம் இங்க கொஞ்சம் தடுமாறுது. ஒரு வழக்குக்காக ஒரு நாளைச் சிதறாம நினைவுல காப்பாத்துறது நுகத்தடி இழுக்கிற வேலைதான்.

தண்டனை பெற்றவங்க மேல்முறையீடு போனாங்க. சென்னை உயர் நீதிமன்றத்துல நீதிபதி பி. வேல்முருகன் விசாரிச்சார். நீதிமன்றம் வாதங்களைக் கேட்டுட்டு உடனே சொல்லாம 'தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது'ங்கிறாங்களே, அரசாங்க மொழியில 'யோசிச்சுச் சொல்றேன்'ங்கிறதுக்கு அதைவிடப் பொருத்தமான வாக்கியம் எனக்குத் தெரியல. இந்த வழக்குல அவர் ஒரு படி மேல போய், 2023 மார்ச்ல வாச்சாத்திக்கே நேர்ல வந்தார். ஊரைப் பார்த்தார், மக்கள்கிட்ட பேசினார். 2023 செப்டம்பர் 29 அன்னைக்கு, அதே தேதியில, மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செஞ்சார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கணும், அதுல 5 லட்சத்தைக் குற்றவாளிகள்கிட்ட இருந்து வசூலிக்கணும்னு உத்தரவு. சம்பவத்துல இருந்து 31 வருஷம்.

சரி, நேரம் ஆச்சு. பெங்களூரு தங்கைக்கு: உங்க கொல்கத்தா தோழிகிட்ட, ஏற்கெனவே முடிஞ்சுட்டா நினைக்கிறேன், இன்னும் முடியலைன்னா யோசிக்கிறேன்னு சொல்லுங்க, முக்கால்வாசி இடத்துல தப்பு வராது. மீதி கால்வாசிக்கு அவங்க யாரையாவது நினைச்சுத்தான் கத்துக்கணும்.

இலங்கையில, மலேசியாவுல, கொங்குப் பக்கம், நெல்லைப் பக்கம் இருக்கிறவங்க, உங்க வீட்ல 'யோசிக்கிறது'ன்னா என்ன அர்த்தம்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. அடுத்த வாரம் 'தெரியும்', 'புரியும்'. அந்தப் புளியைப் பெரியவர் கொடுத்தாரா இல்லையான்னு கேட்பீங்க. அரூர் பஸ் வந்துடுச்சு, நான் ஏறிட்டேன். ஏறும்போது அவர் ரெண்டாவது டீ சொல்லியிருந்தார்.